சாட்சியைக் காட்டிக்கொடுத்தவள்

“முகத்தை மறைச்சு, குரலை மாத்தி, கோர்ட்ல பதிவு பண்ணின சாட்சியம், அம்மா. அதைத் திருடி வெளியே விட்டவன் உள்ளே இருக்கான். நீங்க ஏன் அந்த வீடியோவுக்குக் கீழே ஆளை அடையாளம் காட்டினீங்க?”

விசாரணை அதிகாரி செல்போனை எதிரே உட்கார்ந்திருந்தவள் பக்கம் திருப்பினார். ‘உண்மைவிளம்பி’ என்ற பெயரில் அவள் போனிலிருந்து போன கமென்ட் அது: ‘இவ மூணாவது சந்து தையல்கடைக்காரி. பொய் பேசற ஆள் இல்லை.’

“அவ காசு வாங்கிட்டுப் பொய் சொல்றான்னு ஊரே திட்டுது சார். மனசு கேக்கல.”

“உங்க மனசு கேக்கலைன்னா அவ உயிர் போகணுமா? கேஸ்ல மாட்டினவனோட ஆளுங்க அவளைத் தேடிட்டிருக்காங்க. இதுக்கு ரெண்டு வருஷம் ஜெயில், தெரியுமா?”

“நல்லது சொன்னதுக்கா சார்? ஒண்ணுமே புரியல.”

“உள்ளே உக்காந்து நிதானமா புரிஞ்சுக்கோங்க.” அதிகாரி டைப்பிஸ்ட் பக்கம் திரும்பினார். “வாக்குமூலத்தை அடிங்க. என்ன தொழில்மா?”

“தையல்கடை வச்சிருக்கேன்.”

“எங்கே?”

“மூணாவது சந்துல.”

அதிகாரி செல்போனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“அந்தச் சந்துல எத்தனை தையல்கடை இருக்கு?”

“ஒண்ணுதான் சார்.”

“அப்புறம் ஏம்மா யாரோ மாதிரி எழுதினீங்க?”

“நான் பொய் பேச மாட்டேன்னு நானே சொன்னா எவன் சார் நம்புவான்?”

டைப்பிஸ்ட் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.

“சார், இதை நான் அடிச்சா, நானும் அடையாளம் காட்டினதா ஆயிடுமா?”