எள்ளும் தண்ணீரும்

லண்டன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு மடிக்கணினிகள். ஒன்றில் அலுவலகக் கூட்டம். மற்றதில் அப்பாவின் திவசத்துக்கு மந்திரம் சொல்லும் ஐயர். வீட்டிலிருந்துதானே வேலை, இதற்குப் போய் எதற்கு லீவு என்று நினைத்திருந்தான் சிவரூபன்.

"அப்பாவின்ர பேரைச் சொல்லி எள்ளும் தண்ணியும் விடுங்கோ, தம்பி," என்றார் ஐயர்.

அவசரத்தில் ஐயரின் கணினிக்குப் பதிலாக அலுவலகக் கணினியின் மைக்கைத் திறந்துவிட்டு, "கதிர்காமத்தம்பி" என்று உரக்கச் சொல்லி, கையிலிருந்த எள் முழுவதையும் தண்ணீரோடு தட்டில் விட்டான்.

"யார் அவர்? நம் கூட்டத்தில் சேரப்போகிறாரா?" என்று மேலாளர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை," என்றான் சிவரூபன். "அவர் வரமாட்டார்."

மற்றத் திரையில் ஐயர் காதைச் சாய்த்தபடி காத்திருந்தார். "தம்பி, பேர் இன்னும் கேக்கேல்லையே."

அவன் கையில் எள் இல்லை.