கடலில் இரண்டு, கரையில் ஒன்று

மூன்றாவது தடவையும் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

புதுக்கோட்டைப் பட்டறையில் எட்டுப் பேரை வைத்துக்கொண்டு சேவுகன் செய்திருக்கும் கருவி, செயற்கைக்கோளின் கேமரா போல நடிக்கும். பூமியின் படம் ஒன்றை அனுப்பும். செயற்கைக்கோளில் ஏறப்போகும் பதிவுப் பெட்டி அதை வாங்கித் திருப்பித் தரவேண்டும். போனபடியே வந்தால் பச்சை, ஒரு புள்ளி மாறினாலும் சிவப்பு. இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

கருவியைப் பார்த்து வாங்க பெங்களூரிலிருந்து வந்திருந்த அதிகாரி அமுதவல்லி, பெட்டியைத் தன் கைப்பையிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தார், சாப்பாட்டு டப்பாவை ஒதுக்கிவிட்டு. பட்டறைக்காரர்கள்தான் கைக்கு உறை, தலைக்குத் தொப்பி என்று பயந்து பயந்து தொட்டார்கள். அவர் சாவகாசமாக மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"நேத்து இதே பெட்டியோட ரெண்டு கம்பெனிக்குப் போனேன். ரெண்டு எடத்துலயும் பச்சைதான் எரிஞ்சுது" என்றார், யாரையும் பார்க்காமல்.

சேவுகன் அவசரமாக இன்ஜினியர் சத்யபிரியாவை ஓரங்கட்டினார்.

"எங்கம்மா தப்புக் காட்டுது?"

"கோட்டைப்பட்டினம் படம் சார். கடல்ல ரெண்டு புள்ளி, கரையில ஒண்ணு மாறி வருது."

"கடல்ல புள்ளி விழுந்தா என்னம்மா, மீன்பிடி போட்டுன்னு நெனைச்சுக்கிருவாங்க! மூணு புள்ளி வரைக்கும் கண்டுக்காதன்னு மெஷின்கிட்ட சொல்லிப்புடு."

"மீன்பிடித் தடைக்காலத்துல எடுத்த படம் சார். கடல்ல ஒரு விசைப்படகும் கெடையாது."

"ஒன் வாயி இருக்கே!" சேவுகன் தலையில் கைவைத்தார். "எட்டுக் குடும்பம்மா."

அந்த எட்டில் சத்யபிரியாவுடையதும் ஒன்று. ஒரு எண்ணை மாற்றினால் போதும், பச்சை எரிந்துவிடும். கீபோர்டில் கையை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு திரும்பி நேராக அமுதவல்லியிடம் போய் நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். எங்க மெஷின் சரியாத்தான் இருக்கு. ஒங்க பெட்டியிலதான் கோளாறு. மூணு எடத்துல படத்தை மாத்துது."

சேவுகன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"நல்லாப் பாத்தியா? நாலு இல்லையே?"

"மூணுதான் மேடம்."

அமுதவல்லி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். கையில் இருந்த கம்பெனிப் பட்டியலில் தன் பட்டறையின் பெயரை அடிக்கப்போகிறார் என்று சேவுகன் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். அமுதவல்லி அடித்தது மற்ற இரண்டு பெயர்களை.

"மூணையும் நான்தாம்மா வச்சேன்."