நேசமலரின் கைக்கணினி

மைன் ஆற்றங்கரைப் பழஞ்சாமான் சந்தையில் அதைக் கையில் எடுத்ததுமே இதுதான் வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

மூக்குக்கண்ணாடிக் கூடு அளவுக் கணினி. திறந்தால் சின்னத் திரை, கீழே அசல் விசைகள். அழுத்தினால் டிக் என்று உள்ளே போகின்றன. இரண்டு பற்றரி போதும்.

இன்டர்நெட் வராது, படம் எடுக்காது, ஜெர்மன்காரரின் எழுத்தைத் தவிர வேறொன்றும் அதற்குத் தெரியாது என்று விற்றவர் மூன்று தரம் சொன்னார். நல்ல மனுசன்.

கூட வந்த மகள் தக்சாயினி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்பா, இது மியூசியத்தில வைக்கிற சாமான். அம்மாட்ட நல்ல போன் இருக்குத்தானே!"

நல்ல போன்தான், யார் இல்லை என்றது?

பக்கவாதம் வந்து மூன்று மாதமாக நேசமலருக்குப் பேச்சு வரவில்லை. வலது கை எழும்பவில்லை, இடது கை நடுங்குகிறது. போனில் தமிழ் எழுத்துப் போட்டுக் கொடுத்தோம். எல்லாம் கடுகளவு, ஒன்றைத் தொட்டால் ஒன்பது வந்தது. ஜெர்மன் எழுத்துக்கு மாற்றித் தட்டினாள். போன் தன்பாட்டுக்குத் திருத்தி மீன், கூரை, நன்றி என்று சம்பந்தமில்லாத ஜெர்மன் சொற்களைப் போட்டது. எடுத்து எறிந்துவிட்டாள்.

நாக்கு மட்டும்தான் போனதா, உள்ளே இருக்கிற சொற்களும் போய்விட்டனவா என்று இன்னும் சொல்ல முடியாது என்றார் பேச்சுப் பயிற்சி தருகிற பெண். அன்றோடு என் நித்திரை போனது. முப்பது வருசம் வாய் ஓயாத மனுசி ஐயா அவள்.

சந்தையிலிருந்து நேரே மருத்துவமனைக்குப் போனோம்.

வழக்கம்போல பிளாஸ்க்கில் இருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். வழக்கம்போல ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். விழுங்கக் கஷ்டமாக்கும், பாவம்.

கணினியைத் திறந்து மடியில் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இடது சுட்டுவிரல் இறங்கியது. டிக்.

கால்மணி நேரம் எடுத்தது ஒரு வரிக்கு.

Njj;jz;zpf;F rPdp fhzhJ

அவ்வளவுதான். சொற்களும் போய்விட்டன. தக்சாயினி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள்.

நேசமலரோ என்னை முறைத்தாள். ஒன்றும் விளங்காதவனைப் பார்க்கிற அதே பழைய முறைப்பு.

இந்தக் குப்பையை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன்.

ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போகிற பஸ்ஸின் நோட்டீஸ்! இருபது வருசமாக அதை வீட்டுக் கணினியில் அடித்தது அவள்தான், பாமினியில். ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழ் விழுகிற பழைய எழுத்துரு அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் இதே அரைப்புள்ளிகள், இதே குப்பைதான் தெரியும். ஒருமுறை வைரஸ் வந்துவிட்டதென்று நான் வீட்டையே இரண்டாக்கினேன்.

போனிலும் இப்படித்தான் தட்டியிருக்கிறாள். அந்தச் சனியன் திருத்தித் தொலைத்திருக்கிறது.

"பிள்ளை, இதை அப்பிடியே உன்ர போனில அடிச்சு, பாமினியில இருந்து மாத்திப் பார்!"

தக்சாயினி ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடித்தாள். மாற்றினாள். வாசித்தாள். அழுதுகொண்டிருந்தவள் பெரிதாகச் சிரித்தாள். போனை என் பக்கம் நீட்டினாள்.

தேத்தண்ணிக்கு சீனி காணாது.

மூன்று மாதம்! வைத்தியர் சொல்லாமலே, வருத்தக்காரிக்கு நல்லதென்று நானாகச் சீனியைக் குறைத்துக் கொண்டுபோன தேத்தண்ணி.

நான் வெட்கமில்லாமல் அழுதேன். நேசமலர் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை, அடுத்த வரியைத் தொடங்கிவிட்டாள்.