சட்டம் கேட்ட காரணம்

"உனக்கு இருபது வயசுகூட ஆகலையேம்மா? இந்த வயசுல அடிமைய விடுவிக்கணும்னா தகுந்த காரணம் வேணும். சட்டம் தெரியுமா?" என்றார் ரோமாபுரி நீதிபதி, கொட்டாவியோடு.

"தெரியும் ஐயா," என்றாள் வோலுசியா. அவள் பின்னால் அடிமை தல்லூசா தலைகுனிந்து நின்றாள்.

"அப்ப காரணத்தைச் சொல்லு."

"எனக்குச் சோறு ஊட்டி வளர்த்தா. காய்ச்சல் வந்தா கண்ணு மூடாம பார்த்துக்கிட்டா."

"அது அடிமையோட வேலை! இதெல்லாம் ஒரு காரணமா? இவ அடிமையாவே இருக்கட்டும். அடுத்த வழக்கு!"

வோலுசியா நகரவில்லை. "என்னைப் பெத்தா. அது போதுமா? போன வருஷம் வரைக்கும் நானும் அடிமைதான். என்னை விடுவிச்ச எஜமானி, சாகும்போது எங்கம்மாவ எனக்கே சொத்தா எழுதி வெச்சுட்டுப் போயிட்டாங்க!"

நீதிபதியின் கொட்டாவி பாதியிலேயே நின்றது. அவர் தலையசைக்க, சேவகன் வந்து விடுதலைச் சடங்காகக் கோலால் தல்லூசாவைத் தொட்டான்.

"இனி நீ லிபெர்டா, விடுதலையானவள். ஆனா உன்னை விடுவிச்ச இவளுக்கு ஆயுசு பூரா அடங்கி நடக்கணும். புரிஞ்சுதா?" என்றார் நீதிபதி.

"ஆகட்டும் ஐயா," என்ற தல்லூசா, முதல் வேலையாக மகளின் காதைத் திருகினாள்.

"பெரியவங்ககிட்ட இப்படியாடி கத்துவே? நட வீட்டுக்கு!"