பக்கத்துக் கட்டில்

ஹூஸ்டனில் ஒரு ஆஸ்பத்திரி. அகிலாண்டத்தின் பக்கத்துக் கட்டிலில் ஒரு வங்கியைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். சூதாடித் தோற்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டதாம். பளிங்குத் தூண்களும் கண்ணாடிக் கதவுமாக முனகிக்கொண்டிருந்தது. செனட்டர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு ஓடிவந்தார்கள். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று போர்வையை இழுத்துவிட்டார்கள். ஒருவர் அதன் படிக்கட்டைத் தடவிக் கண்கலங்கினார்.

அகிலாண்டத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கும் நெஞ்சுவலிதான். ஆனால் ஸ்கேனுக்கு இன்சூரன்ஸ்காரன் இன்னும் சரி சொல்லவில்லை. அதுவரை டாக்டர் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்.

"கட்டடத்தைப் போயி இந்தத் தாங்கு தாங்குறாங்களே!" என்றாள், நாகர்கோவில்காரியான நர்ஸ் சகாயத்திடம்.

"மெதுவா பேசுங்கக்கா. சட்டப்படி அவரும் மனுஷன்தான்."

"அப்போ நான்?"

சகாயம் அகிலாண்டத்தின் தலையணையை உருவி வங்கிக்கு அண்டக்கொடுத்தாள்.

"உடனே ரத்தம் ஏற்ற வேண்டும்" என்றார் டாக்டர். செனட்டர்கள் மடித்துவிட்டிருந்த சட்டைக்கைகளை இறக்கிவிட்டுக்கொண்டார்கள். பிறகு எல்லோருமாக அகிலாண்டத்தின் பக்கம் திரும்பினார்கள். டாக்டரே வந்து அவள் கையைப் பிடித்தார்.

இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று, அவள் அவசரமாகத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.