ஒரு குறையும் இல்ல, தாயி

அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

இடது கையில் இல்லாத டிக்கெட் கட்டு. வலது கட்டைவிரல் நாக்கைத் தொடும், ஒன்றைக் கிழிக்கும், நீட்டும். பஸ் போய்விட்டது, கண்டக்டர் வேலை போய்விட்டது, பெற்ற மகளின் பெயர்கூட மறந்துபோய்விட்டது. விரல்கள் மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.

தடுப்பூசி போட்டாகிவிட்டது. ஊசி ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க, அரை மணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள்.

போன மழையில் நிமோனியா வந்து, சாவின் வாசல்வரை போய்த் திரும்பியவர். இன்னொரு தடவை தாங்க மாட்டார் என்றார் டாக்டர். ஊசி போட்டே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் இவள்தான்.

நர்ஸ் குனிந்து கேட்டாள். "எப்படி இருக்கு அய்யா? மூச்சு முட்டுதா? எங்கயும் அரிக்குதா?"

"ஒரு குறையும் இல்ல, தாயி."

நர்ஸுக்குச் சந்தோஷம். இவள் மறுபடியும் விரல்களைப் பார்த்தாள்.

கொதிக்கிற கஞ்சி மடியில் கொட்டிய அன்றைக்கும் இதையேதான் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். வேட்டி மாற்றும்போதுதான் தொடையெல்லாம் கொப்புளம் என்று தெரிந்தது. பாவி மனுஷனுக்கு வலிக்கத்தான் செய்யும். சொல்லத் தெரியாது.

அன்றைக்கு விரல்கள் நின்றுபோயிருந்தன.

அதிலிருந்து அவர் வாய்ச்சொல்லை அவள் நம்புவதில்லை.

பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

விரல் மெதுவானது.

ஒன்று கிழித்தது. நீட்டவில்லை.

கை மடியில் விழுந்தது.

"பாத்தீங்களாக்கா, இப்பதான் அய்யா அடங்கி உக்காந்திருக்காரு" என்றாள் நர்ஸ். "நேரமாச்சு. நீங்க கிளம்பலாம்."

அவள் கிளம்பவில்லை. அப்பாவின் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"சங்கரன்கோவில் ஒண்ணு குடுங்க."

வீட்டில் எப்போது கேட்டாலும் கொடுப்பார். சோற்றுக் கையோடு கொடுப்பார். படியில நிக்காத, உள்ள போ என்று ஒரு அதட்டலும் சேர்ந்து வரும்.

அவர் அந்தக் கையையே பார்த்தார். அது எதற்கு நீண்டிருக்கிறது என்று தெரியாதவர் போலப் பார்த்தார்.

சட்டைக் காலருக்கு மேலே கழுத்து சிவந்திருந்தது. சற்று முன்னால் அது இல்லை.

"அப்பா, ஒரு டிக்கெட்."

கட்டைவிரல் அசையவில்லை.

"ஒரு குறையும் இல்ல, தாயி." குரல் கம்மியிருந்தது.

"அதான் அவரே சொல்லுதாருல்லா" என்று சிரித்தபடி நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிடத் திரும்பினாள்.

அவள் நர்ஸின் கையை எட்டிப் பிடித்தாள். விடவில்லை.