மழையில் ஒரு காம்பரா

தேயிலைத் தோட்டத்து லயத்தில், வினோதாவின் ஒற்றை அறைக் காம்பராவில் நின்றபடி நோர்வேக்காரர் அழுதுகொண்டிருந்தார். தகரக் கூரை பதினோரு இடத்தில் ஒழுகியது. ஒவ்வொரு ஒழுக்குக்கும் கீழே ஒரு சட்டியோ, பானையோ, தேநீர்க் கேத்தலோ, வாளியோ இருந்தது.

"அழுறாரு பாத்தியா? புதுத் தகரம் வந்த மாதிரிதான்," என்று சங்கத் தலைவர் வீரய்யா கிசுகிசுத்தார்.

வினோதா சாமியைக் கும்பிட்டுக்கொண்டாள். பிள்ளை பிறந்து இருபது நாள். நனையாத மூலை ஒன்றே ஒன்றுதான், அதில் தொட்டில் தொங்கியது.

ஹால்வார்ட் என்ற அந்த மனிதர் நோர்வே அரசாங்கத்தின் உதவித் திட்ட உத்தியோகத்தர். லயத்துக்குப் புதுக் கூரை உண்டா இல்லையா என்பது அவர் எழுதும் அறிக்கையில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்திரிகைக்கு இசை விமர்சனமும் எழுதுவாராம். அதைக் கேள்விப்பட்ட வீரய்யா, வரவேற்புக்குத் தப்பு மேளம் அடிக்க ஆள் பிடித்திருந்தார்.

தப்பை நெருப்பில் காய்ச்சினால்தான் பேசும். அன்றைய மழையில் நெருப்பே பிடிக்கவில்லை. தப்பு ஈர அட்டை மாதிரி முனக, வந்தவர் குடைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார். மானம் கப்பலேறிவிட்டது. அப்புறம்தான் பேசாமல் காம்பராவுக்கே கூட்டி வந்தார்கள்.

இங்கே அவர் கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். கேத்தலைத் தானே குனிந்து அரை அடி நகர்த்தி வைத்தார். நீல பிளாஸ்டிக் வாளிக்குப் பக்கத்தில் வந்தபோது மட்டும் முகம் சுளித்தார்.

"நெறஞ்சு போச்சுங்க தொரை, மன்னிச்சுக்கங்க," என்று வினோதா பதறிப்போய் அதை வெளியே ஊற்றினாள். அவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. லயமே கூடிவிட்டது. தோட்டப் பாடசாலை டீச்சர் சர்மிளா ஆங்கிலத்தை வாசிக்க வாசிக்க, அவள் முகம் ஒரு தினுசாகப் போயிற்று.

"நல்லா எழுதியிருக்காருங்களா டீச்சர்?" என்றார் வீரய்யா.

"ரெண்டு பக்கம் பாராட்டியிருக்காருங்க."

"அப்ப மாத்தச் சொல்லியிருக்காருல்ல?" பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு வினோதா கேட்டாள்.

சர்மிளா கடிதத்தை மெதுவாக மடித்தாள்.

"கூரையில யாரும் கை வைக்கக் கூடாதாம்க்கா. அந்த நீல வாளிய மட்டும் மாத்தணுமாம், அது ஒண்ணுதான் சுருதி சேரலயாம்."